டிக்கி ரப்பரும் மலை ஒத்துக்காத நானும்

என் வாந்திக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாமியார், "மலை ஒத்துக்கல" என்பார். கணவர், "வளைவு" என்பார். கீழே காரமடையில் இருக்கும் என் அம்மா, "வெறும் வயித்துல கெளம்பறா, வேறென்ன" என்பாள். பக்கத்து வீட்டுக்காரம்மா இன்னும் ஒருபடி மேலே போய், என்னைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பார்த்து, "ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்பார். வருடக்கணக்கிலா ஒருத்திக்கு விசேஷம் இருக்கும்? நாக்கு நுனிவரை வரும். மாமியார் பக்கத்தில் நிற்பதால் முழுங்கிக்கொள்வேன்.

நாங்கள் இருப்பது நீலகிரி மலையில், கேத்தியில். கணவர் விதை, உரக் கடை வைத்திருக்கிறார். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். கல்யாணமாகி மலைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ தடவை பஸ்ஸில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருநாளும் தலை சுற்றியதில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருக்கும் பெண்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள் நான். பிறகு காரமடையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியிருக்குமே என்று கணவர் ஒரு பழைய காரை வாங்கினார். நல்ல மனுஷன், நல்ல எண்ணம். அந்தக் காரில்தான் எனக்கு வாந்தி ஆரம்பித்தது.

அதுவும் இறங்கும்போது வராது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் கிளம்பி, மலையிறக்கத்தில் பர்லியார் பக்கம் வெக்கை தட்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, பின் சீட்டில் மகளும் நானும் பாட்டுப் பாடிக்கொண்டே போவோம். சாயந்திரம் திரும்பி ஏறும்போதுதான் கூத்து. கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்து, குளிர் முகத்தில் அடித்ததும் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்கும், வாயில் எச்சில் ஊறும், "ஏனுங்க, நிறுத்துங்க" என்பேன். குன்னூர் வருவதற்குள் ரோட்டோரத்து மைல்கல் ஒவ்வொன்றுக்கும் நான் பழக்கமாகிவிட்டேன். திங்கட்கிழமை பாதி லீவு.

இறங்கும்போது வராத வாந்தி ஏறும்போது மட்டும் வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாமியார் ஒருநாள் அவர் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பொறந்த ஊட்டுக்குப் போறப்பச் சிரிச்சுக்கிட்டுப் போறா. நம்மூட்டுக்கு வர்றப்ப மட்டும் அவளுக்குக் கொமட்டிக்கிட்டு வருது. என்னத்தச் சொல்றது?" எனக்குச் சுருக்கென்றது. போய்ச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. வருத்தப்படுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அதைவிட மோசம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. படுக்கையில் கிடக்கிற அப்பா, நான் செருப்பு மாட்டும்போது இடது கையைத் தூக்கி 'போகாதே' என்பதுபோல் அசைப்பார். அதைப் பார்த்துவிட்டு வண்டியேறினால் வயிறு பிரளாமல் என்ன செய்யும் என்று நானே எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டேன்.

மகளுக்கு ஏழு வயது. அவளால் ஒரு தொந்தரவும் கிடையாது. கல்லாறு தாண்டியதும் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். வீடு வந்து எழுப்பினாலும் எழமாட்டாள், தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவோம். "பாரு, எம் பேத்தி இங்கயே பொறந்தவ. அவளுக்கு மலை ஒத்துக்குது. உனக்குத்தான் அம்மிணி ஒத்துக்கல" என்று மாமியார் சொல்வார்.

போன கோடையில் அம்மா போன் செய்தாள். "இங்க பாரு சாமி, நீ இப்புடி வந்து வந்து வாந்தியெடுத்துப் படுக்கறதுக்கு, வரவே வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும். அப்பன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"என்னமோ சொல்லிக்கறேன். அவருக்கு என்ன திருப்பிக் கேக்கவா போகுது?"

சொல்லிவிட்டு அம்மாவே அழுதாள். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தெரியும். காலையிலேயே வாசல் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிக் கையைக் காட்டுவாராம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் அந்த மனுஷன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சும்மா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் என் வயிற்றையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. ஆனாலும் போனில் சரி என்றுதான் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை.

ரப்பர் கதைக்கு வருகிறேன். அந்த மே மாதம் ஒரு நல்ல மழை அடித்தது. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பையை டிக்கியிலிருந்து எடுக்க மறந்துவிட்டோம். நாலு நாள் கழித்துத் திறந்தால், ஐயோ, அந்த நாற்றம்! அம்மா காயவைத்து, அரைத்து, சலித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் களியாகிப் பூசணம் பூத்துக் கிடந்தது. கம்பளத்தைத் தூக்கினால் ஸ்டெப்னிச் சக்கரம் வைக்கிற குழியில் தண்ணீர் நிற்கிறது. டிக்கி வாயைச் சுற்றி ஓடுகிற ரப்பர் இடது கீழ் மூலையில் கிழிந்து, பல் விழுந்த வாய்போல் பிளந்திருந்தது. வண்டியை எங்களுக்கு விற்ற புண்ணியவான் எங்கேயோ பின்பக்கத்தை இடித்துத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார், அந்த மூலை சரியாகவே உட்காரவில்லை.

"ஏனுங்க, இத மாத்தணும்ங்க."

"மாத்தலாம், மாத்தலாம். சீசன் முடியட்டும்."

நீலகிரியில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் சீசன் முடியட்டும், பல் வலித்தாலும் சீசன் முடியட்டும். டூரிஸ்ட் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கும்போது குன்னூருக்குப் போய் ஒர்க் ஷாப்பில் காத்துக் கிடக்க யாருக்கும் மனசு வராது. எனக்குப் பொறுக்கவில்லை. மிளகாய்த்தூள் போன கோபம் வேறு. "சீசன் முடியட்டும், எம் மிளகாய்த்தூள் முடிஞ்சிடுச்சே" என்று கத்திவிட்டு போனை எடுத்தேன். டிக்கி ரப்பரை மாற்றுவதை யாரோ வீடியோவில் காட்டியிருந்தார்கள். பழையதைப் பிடுங்கு, விளிம்பைத் துடை, புதியதை அழுத்து. அவ்வளவுதான். இதற்கா ஒரு சீசன்? கோயமுத்தூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டி மாடலைச் சொன்னேன். "டிக்கி பீடிங்தானுங்க? அனுப்பி உடறேன்" என்றார் கடைக்காரர். பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை காலை. கார் எங்கள் வாசலில், தடுப்புச் சுவரைப் பார்த்துப் பின்பக்கம் காட்டி நின்றது. மகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நைட்டிக்கு மேல் கணவரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கிழிந்த மூலையில் விரலை விட்டு ரப்பரை இழுத்தேன். ஒரு முழம் கழன்று வந்தது. விரலெல்லாம் கறுப்பு.

துரு என்றுதான் முதலில் நினைத்தேன். துரு என்றால் செம்மண் நிறத்தில் அல்லவா இருக்கும்? இது கன்னங்கரேல் என்று, பிசுபிசுவென்று, துணியில் தேய்த்தால் இன்னும் பரவியது. குனிந்து பார்த்தால் கிழிந்த மூலையிலிருந்து உள்பக்கமாக, கம்பளத்தின் மேலே, பின் சீட்டு முதுகுவரைக்கும் விசிறிவிட்டதுபோல் கரி படிந்திருந்தது. மழைத்தண்ணி இறங்கின இடத்தில் கரி எங்கிருந்து வரும்? விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

எனக்கு அந்த வாசனை தெரியும். வாந்திக்குக் கொஞ்சம் முன்னால் மூக்கில் ஏறுகிற வாசனை. மலை ரோட்டில் எப்போதும் ஒரு லாரி முன்னால் முக்கிக்கொண்டே போகும், அதன் புகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லாரி இல்லாத நாளிலும் அந்த வாசனை வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க! இங்க வாங்க!"

கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். பார்த்தார். நுரையைத் துப்பிவிட்டு, "பொகையாட்டத் தெரியுது" என்றார்.

"யாரு பொகை?"

"நம்ம வண்டிப் பொகைதான்."

ரப்பரைத் திரும்ப அழுத்திவிட்டு டிக்கியைச் சாத்தினேன். பின் சீட்டில் என் வழக்கமான இடத்தில் ஏறி உட்கார்ந்து, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினேன். "ஸ்டார்ட் பண்ணி ஏத்தத்துல போற மாதிரி ஆக்சிலேட்டர அமுத்துங்க" என்றேன். தன் பக்கத்துக் கண்ணாடியைத் தாழ்த்திவிட்டுத்தான் அவர் அழுத்தினார். கண்ணாடியில் ஆவி படியும் என்று மலையேறும்போதும் அப்படித்தான் ஓட்டுவார். அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாததன் ரகசியமும், கண்ணாடி திறந்திருக்கும் இறக்கத்தில் எனக்கு வாந்தி வராததன் ரகசியமும் அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வண்டி ஓரங்குலம் நகரவில்லை. வளைவு இல்லை, ஏற்றம் இல்லை. எதிரே முட்டைக்கோசுத் தோட்டமும், கொடியில் காயாமல் தொங்குகிற துணியும்தான் இருந்தன. சீட்டு முதுகின் இடுக்கிலிருந்து அந்த வாசனை மெதுவாகக் கிளம்பி வந்தது. நெற்றிப்பொட்டு தெறித்தது. எச்சில் ஊறியது. கதவைத் திறந்துகொண்டு ஓடி, வேலியோரம் குனிந்து காலைக் காபியை அப்படியே எடுத்தேன்.

எடுத்துக்கொண்டே சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் ஒரு வாந்திக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். மலையில்லை, வளைவில்லை, என் மனசில்லை! இந்தக் கெரகம் பிடித்த ரப்பர்!

சத்தம் கேட்டு மாமியார் ஓடி வந்தார். "என்ன அம்மிணி, எங்க போயிட்டு வந்தீங்க?"

"எங்கயும் போகலைங்கத்தை. நின்ன வண்டியில."

"நின்ன வண்டியிலயா? அட கருமமே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறேன், அவர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்துவிட்டார். முதுகைத் தடவிக்கொடுத்தபடியே மகனைப் பார்த்து முறைத்தார்.

கணவர் இன்ஜினை நிறுத்திவிட்டு போனில் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தார். உரக்கப் படித்தார். "வண்டிப் பொகையில வாசனையே இல்லாத ஒரு வாயு இருக்குதாம். அது உள்ள வந்தா தலைவலி, தலைசுத்தல், வாந்தி..." அதோடு நின்றுவிட்டார். நான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். தூக்கம் என்று போட்டிருந்தது. எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம்.

என் சிரிப்பு அங்கேயே செத்தது. சீட்டு முதுகில் கரி அடர்த்தியாகப் படிந்திருந்த இடத்துக்கு நேராகத்தான் என் மடி இருக்கும். என் மடியில்தான் அவள் தலை இருக்கும். நல்ல புள்ளை, தொந்தரவே இல்லை, மலை ஒத்துக்குது. நாங்கள் மெச்சினோம்! குழந்தை மயங்கிக் கிடந்ததை மெச்சினோம்! உள்ளே ஓடினேன். டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இழுத்து அணைத்ததில் பிஸ்கட் உடைந்தது. "அம்மா, நாறுதும்மா" என்று என்னைத் தள்ளினாள்.

சீசனாவது ஒன்றாவது. அன்றைக்கே பஸ் ஏறிக் குன்னூருக்குப் போய் டாக்டரிடம் காட்டினோம். அவர் மகளின் கண்ணைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், படிக்கச் சொன்னார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், ரத்தமும் எடுத்துப் பார்த்தார். எனக்கும் அதேபோல் எல்லாம் பார்த்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. காத்துப் பட்டதும் அது உடம்ப விட்டுப் போயிடும். சரி பண்ற வரைக்கும் அந்த வண்டியில யாரும் ஏறாதீங்க" என்றார். "நெசமாவே ஒண்ணுமில்லீங்களா? நல்லாப் பாத்தீங்களா?" என்று நான் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவருக்கே அலுத்திருக்கும். வெளியே வந்ததும் கணவர் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தானே ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து ஐஸ்கிரீம் கேட்டாள், அந்தக் குளிரில் வாங்கியும் கொடுத்தார்.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவரே வண்டியை எல்லாக் கண்ணாடியையும் இறக்கியபடி ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனார். டிக்கிக்கு நேர் கீழே சைலன்சர் குழாயில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. குழாயையே மாற்றிவிட்டார்கள். ரப்பரையும் போட்டுவிடலாம் என்றார்களாம். "வேண்டாங்க, அத எங்கூட்டுல போட்டுக்குவாங்க. நீங்க போட்டுட்டா எனக்குத்தான் வம்பு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை போட்டேன். பார்சலில் சுருண்டு கிடந்த ரப்பர் கேத்திக் குளிரில் விறைத்துப்போய், இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் துள்ளியது. குளிப்பதற்குப் போட்ட வெந்நீரில் அதை ஊறப் போட்டேன். "ஊருல ஒலகத்துல ரப்பருக்கு வெந்நி வெச்சுக் குளிப்பாட்டறது இந்த ஊட்டுலதான்" என்று மாமியார் கேலி பேசினார். பேசினாலும், துணியால் துடைத்து எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

பழையதை முழுக்கப் பிடுங்கி, விளிம்பைச் சோப்புத்தண்ணி போட்டுக் கறுப்பு போகத் தேய்த்தேன். இடித்து நெளிந்திருந்த மூலையை ஒர்க் ஷாப்பிலேயே தட்டிச் சரிசெய்திருந்தார்கள். பூட்டு இருக்கிற இடத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்துப் புதியதை அழுத்திக்கொண்டே போனேன். முதல் சுற்றில் அவசரக்குடுக்கை வேலை. மூலைகளில் இழுத்து இழுத்துப் பிடித்துவிட்டேன். சுற்றி வந்து சேரும்போது ஒரு சாண் மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. "வெட்டிரலாமா?" என்று கணவர் கத்திரியோடு வந்தார். "கத்திரியக் கீழ வையுங்க மொதல்ல" என்றேன். இழுத்து மாட்டின ரப்பர் நாளைக்குச் சுருங்கும், சுருங்கினால் மறுபடியும் மூலையில் வாயைப் பிளக்கும். மறுபடியும் அந்த மூலையா? முழுதும் கழற்றி, இரண்டாவது தடவை, இழுக்காமல், மூலையில் கொஞ்சம் தாராளமாகவே உள்ளே தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன். பூரிக்கட்டையில் துணி சுற்றி மெதுவாகத் தட்டினேன். மறுமுனை என்னைத் தாண்டித் துள்ளாமல் மாமியார் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

இடது மூலைக்கு வந்தபோது அவரும் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ... நம்மூட்டுக்கு வர்றதுக்குக் கொமட்டலியா அம்மிணி உனக்கு?"

"ஐயோ, அத்தை! பொகைங்க! பொகை! இத்தன நாளா அதையா மனசுல வெச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீ வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் படுப்பியா, எனக்குச் சோறு எறங்காது. நாம என்ன கொறை வெச்சோம், நாம என்ன கொறை வெச்சோம்னு ரோசனை பண்ணிக்கிட்டே கெடப்பேன்."

"எனக்கே அந்தச் சந்தேகம் இருந்துச்சுங்கத்தை" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்தது என்ன வருமோ என்று நான் பூரிக்கட்டையை இறுக்கிப் பிடித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பைத்தியம்" என்றார். முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் கண்ணைத் துடைக்கப் போய் கன்னமெல்லாம் கறுப்பானதுதான் மிச்சம்.

போட்டு முடித்ததும் வீடியோவில் சொன்னபடி பேப்பர் சோதனை. செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து, விளிம்பில் வைத்து டிக்கியைச் சாத்தி, இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கணவர் ஒவ்வொரு இடமாக இழுத்தார். எல்லா இடத்திலும் பேப்பர் கிழிந்ததே தவிர வெளியே வரவில்லை. பிறகு மறுபடியும் நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன், மறுபடியும் அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். மாமியார் கதவுக்கு வெளியே, எந்த நேரமும் என்னை இழுத்துப் போடத் தயாராக நின்றார். புது ரப்பர் வாசனையைத் தவிர ஒன்றுமே வரவில்லை. நெற்றிப்பொட்டு அதுபாட்டுக்கு இருந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

மறுநாளே கிளம்பினோம். அம்மா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், "சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்களே, நெசமாவே ஒண்ணுமாகாதா?" என்று. அப்பா வாசலைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். அவர் காதருகே உட்கார்ந்து கரி, புகை, நின்ற வண்டி வாந்தி எல்லாம் சொன்னேன். நின்ற வண்டி வாந்திக்கு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "சிரிக்கறாரு! பாரு, சிரிக்கறாரு!" என்று அம்மா கத்தினாள். கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேனுங்கப்பா" என்றேன். அன்றைக்கு அவர் கையை ஆட்டியதைப் 'போய்ட்டு வா' என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் கல்லாறு நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னைப் பற்றி இல்லை, மகளைப் பற்றி. குளிருக்காகக் கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றினோம், இனிமேல் முழுசாக ஏற்றுவதாக இல்லை. மகள் பழக்கதோஷத்தில் என் மடியில் தலையைச் சாய்த்தாள். நான் மூச்சுவிடாமல் அவள் முகத்தையே பார்த்தேன். கணவர் ரோட்டைப் பார்க்கிறாரா, கண்ணாடியில் எங்களைப் பார்க்கிறாரா என்றே தெரியவில்லை. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் புரண்டாள். ஒரு தடவை கண்ணை மூடினாள், திறந்தாள். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தூக்கமே வரலம்மா."

"வேண்டாஞ்சாமி. தூங்க வேண்டாம்."

அவ்வளவுதான், ஆரம்பித்தாள். அந்தக் குரங்கு ஏன் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறது, ரயில் ரோடு ஏன் மேலே போகிறது, அந்த லாரி அண்ணா ஏன் ஹாரன் அடிக்கவில்லை. பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் அப்பா தோளைப் பிடித்துச் சாய்ந்து கூச்சல் போட்டாள். பாதி வழியில், எதையோ கண்டுபிடித்தவள்போல் என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, மேல ஏர்றப்பவும் இத்தன வளைவு இருக்குமா?"

கணவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறவள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த ரோட்டில் ஏறியிருக்கிறாள்.

"இருக்கும் கண்ணு. எறங்கறப்ப இருக்கறது அத்தனையும் ஏர்றப்பவும் இருக்கும்."

"அப்ப நான் ஏன் பாக்கவேயில்ல?"

"இப்பப் பாரு. நல்லாப் பாத்துக்கிட்டே வா" என்றேன். கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியை எடுத்தார். கேத்தி வந்து சேரும்வரை அவள் வாய் மூடவில்லை. நான் மூடச் சொல்லவும் இல்லை.